உடையாத குண்டு

இனிமேல் கடையில் தோட்டா வாங்கப் போவதில்லை, வீட்டிலேயே செய்யப் போகிறேன் என்று கர்ட் சொன்னபோது ரெனே "சரி" என்றாள். ஜூன் மாதத்திலிருந்து அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரிக்கு முட்டை பொரிக்கட்டுமா? சரி. உன் அக்கா எப்போது கூப்பிட்டாள்? சரி. கேள்விக்கும் பதிலுக்கும் ஒட்டு இருக்கிறதா என்று பார்ப்பதைக் கர்ட்டும் விட்டுவிட்டான்.

ஜூனில் அவர்கள் குழந்தை வயிற்றிலேயே போயிற்று. ஐந்தாம் மாதம். அதற்கு முந்திய வருஷமும் ஒன்று போனது. அது மூன்றாம் மாதத்திலேயே என்பதால் யாருக்கும் சொல்லவில்லை. இது ஊருக்கே தெரிந்தது. விஸ்கான்சினின் வடக்கே ஒருவர் வீட்டில் துக்கம் என்றால் மூடி போட்ட கண்ணாடித் தட்டுகளில் நூடுல்ஸும் சீஸுமாக வந்து இறங்கும். தட்டின் அடியில் அவரவர் பெயர் எழுதிய டேப். ரெனே ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அழவில்லை. எவ்வளவு தைரியமான பெண் என்று சர்ச்சில் பேசிக்கொண்டார்கள். தைரியமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போடுகிறார்களே, அதற்குப் பிறகு கன்னத்தைக் கிள்ளினால் யாருடைய கன்னமோ போலிருக்குமே, அப்படி இருந்தாள்.

கர்ட்டுக்குச் சும்மா இருக்க வராது. மரம் அறுக்கும் மில்லில் எட்டு மணி நேரம் கட்டை புரட்டிவிட்டு வந்து, வீட்டிலும் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பான். ஜூலையில் ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று தொப்பியைக் கையில் சுழற்றினான்.

"கராஜ்ல ஒரே ஈரமா இருக்கு. வெடிமருந்து நமுத்துப் போயிடும்னு டுவெய்ன் சொல்றான். அந்த ரூம்ல மேஜை போட்டுக்கட்டுமா?"

அந்த ரூம் என்றால் எது என்று இருவருக்கும் தெரியும். குழந்தைக்கென்று மஞ்சள் பெயின்ட் அடித்த அறை. ஜூனிலிருந்து சாத்தியே கிடந்தது.

"சரி" என்றாள் ரெனே.

இதைக் கேட்டவர்கள் கர்ட்டைக் கல்நெஞ்சுக்காரன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். படுக்கையறைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சாத்திய கதவைத் தாண்ட வேண்டியிருந்தது. அவனால் தாண்ட முடியவில்லை. அதைத் திறந்து வைக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

டுவெய்ன் அதே மில்லில் அவனோடு வேலை செய்கிறவன். ரம்பச் சத்தத்திலேயே இருபது வருஷம் பேசிப் பழகியதால், சவ அடக்கத்தில்கூட கத்தித்தான் பேசுவான். அவன் வந்து தோட்டா அழுத்துகிற பிரஸ்ஸை மேஜையோடு போல்ட் போட்டு முறுக்கிக் கொடுத்தான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பழைய வடிவுக்கு அழுத்த வேண்டும், அடியில் பொறி கிளப்பிச் செத்த கேப்பைத் தட்டிவிட்டுப் புதுக் கேப் பொருத்த வேண்டும், மருந்தைத் தராசில் நிறுத்துக் கொட்ட வேண்டும், கடைசியாகக் கூட்டின் வாயில் குண்டை வைத்து அழுத்த வேண்டும். வேலை இவ்வளவுதான். கர்ட்டுக்குச் சீக்கிரமே கை பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று: மானுக்கு எந்தக் குண்டு?

கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனவர்கள் கடையையே கலைத்துப் போடுவார்களே, அந்தக் கதையாயிற்று. ஒரே ரைஃபிள், ஒரே மான், ஆனால் குண்டில் எத்தனை ஜாதி! கனமானது, லேசானது, கூர்முனை, தட்டைமுனை, முனையில் பிளாஸ்டிக் மூக்கு வைத்தது. கர்ட் தினமும் ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டு அதுதான் சிறந்தது என்று முடிவு செய்வான், மறுநாள் வேறொன்று. சாப்பாட்டு மேஜையில் அவன் பேசிக்கொண்டே போக, ரெனே தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதற்கு நடுவில்தான் ஆகஸ்டில் அந்தப் பெரியவர் வயிற்றுவலியோடு வந்தார். ரெனே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பிறர் உடம்புக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு முகத்தில் எதையும் காட்டாமலிருப்பது அவளுக்குத் தொழில். பெரியவரின் படத்தில் குடல்வால் இருக்கிற இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

டாக்டர் பார்த்ததும் சிரித்துவிட்டார். "வாத்து சுடுவீங்களா?"

"விவரம் தெரிஞ்ச நாளா."

"கறியோட போன குண்டுச் சிதறல் ஒண்ணு உள்ளயே குடியிருக்கு. பயப்படாதீங்க, வலி அதனால இல்ல."

பெரியவரும் சிரித்தார். ரெனே அடுத்த ஆளுக்கு எக்ஸ்ரே தட்டை மாற்றினாள். மாற்றும்போதே அவள் மனம் வீட்டு ஃப்ரீசரைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதில் சென்ற நவம்பரில் கர்ட் சுட்ட மான் பாதிக்குமேல் கிடந்தது. அரைத்த கறி, வெள்ளைக் காகிதத்தில் பொட்டலம் பொட்டலமாக, மேலே கர்ட்டின் கோணல் எழுத்தில் வருஷத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் அவள் மட்டும்தான். சாப்பாட்டுப் பையில் சில பொட்டலங்களை எடுத்துப்போய் எந்திரத்தின் கீழே வைத்துப் படம் எடுத்தாள். ஒன்றில் எதுவுமில்லை. இன்னொன்றில் உப்புத் தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாகப் பொடி. அடுத்ததிலும். கண்ணுக்குத் தெரியாது, பல்லில் படாது. குண்டிலிருந்து உடைந்த ஈயம். படங்களை அழித்தாள். பொட்டலங்களைத் திரும்பக் கொண்டுவந்து ஃப்ரீசரிலேயே வைத்தாள்.

ஈயம் ஏறியிருக்கிறதா என்று தன் ரத்தத்தைப் பரிசோதிக்கக் கொடுத்தாள். அவளுக்குப் பிரசவம் பார்ப்பதாக இருந்த டாக்டர் அவளை உட்காரவைத்துச் சொன்னார். "கொஞ்சம் இருக்கு, ரெனே. ரொம்ப இல்ல. இதனாலதான் குழந்தை போச்சுன்னு என்னால சொல்ல முடியாது. இதனால இல்லன்னும் சொல்ல முடியாது. யாராலயும் முடியாது."

கர்ட்டிடம் அவள் சொல்லவில்லை. அவள் கர்ப்பமாக இருந்த மாதங்கள் முழுக்க, நீ இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும் என்று நல்லதாகப் பார்த்து அவள் தட்டில் எடுத்து வைத்தவன் அவன். சொன்னால் அவன் தாங்கமாட்டான். தனக்குத்தான் ஒன்றும் வலிக்கவில்லையே, தன்னிடமே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். மான் வாடை பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தனக்குக் கோழி சமைத்துக்கொண்டாள். அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்தப் பொட்டலங்களை ஒரு நாள் அவனில்லாத நேரத்தில் எடுத்து எறிந்திருக்கலாம், அரை மணி நேர வேலை. எறியவில்லை. எறிவதற்கு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்க ஏதாவது ஒன்று உறைக்க வேண்டும். எனக்கே அவளை உலுக்க வேண்டும் போலிருக்கிறது, ஆனால் அவள் அப்படித்தான் இருந்தாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை டுவெய்ன் வந்திருந்தான். கர்ட் மூன்று பெட்டிகளை வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவனைப்போல் அசடு வழிந்தான்.

"இதப் பாரு. முனைல குட்டி ஓட்டை இருக்குல்ல, இது. நூறு கஜத்துல காகிதத்தக் கட்டி மூணு சுட்டேன். மூணு ஓட்டையையும் ஒரு காசு வச்சு மூடிடலாம்!"

"மூடு. மூடிட்டு அந்தக் காகிதத்தையே வறுத்துத் தின்னு" என்றான் டுவெய்ன். "டேய், அது போட்டியில சுடறவன் வாங்கற குண்டுடா. காகிதத்துல நல்லா விழுந்தா மானும் விழும்னு நினைக்கறது புதுசா தோட்டா கட்டற ஒவ்வொரு மடையனும் பண்ற தப்பு. நானும் பண்ணேன். அந்த மான் ஓட்டையோட சதுப்புக்குள்ள போயிடுச்சு. இடுப்பளவு தண்ணியில தேடினேன். ஜலதோஷந்தான் கிடைச்சுது."

"அப்ப இது? குண்டுமேல தோல் தடிச்சது."

"அது கரடிக்கு. நம்ம மான் அதுக்கு வெண்ணெய். உள்ள போனதே தெரியாம அந்தப் பக்கம் வந்துடும். இதோ, இதுதான் உனக்கு. மெல்லிசு தோல், உள்ள மெத்துனு ஈயம். மான் மேல பட்டதும் உள்ள போய் சுக்குநூறா வெடிக்கும் பாரு, நின்ன எடத்துலயே படுத்துடும்."

"உடைஞ்சு எங்க போகும்?"

இருவரும் திரும்பினார்கள். ரெனே துவைத்த துண்டுகளை அடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த அறைக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் வந்ததே ஜூனுக்குப் பிறகு அன்றுதான்.

"எங்க போகும்னா?" என்றான் டுவெய்ன். "மானுக்குள்ளதான். வேற எங்க?"

"உடையாத குண்டு கிடையாதா?"

"இருக்கு. முழுக்கச் செம்பு, ஈயமே கிடையாது. முனை மட்டும் நாலு இதழா விரியும், உடையாது. கலிஃபோர்னியாக்காரன் சுடறது, அங்க ஈயத்துக்குத் தடை. நமக்கெதுக்கு அந்தச் சீக்கு?"

கர்ட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்கிறாளே! இத்தனை மாதத்தில் அவளாக எதையும் கேட்டதில்லை. அவள் நிலாவிலிருந்து மண் வேண்டும் என்று கேட்டிருந்தாலும் வண்டியை எடுத்திருப்பான்.

"ஏன் ரெனே? எதுக்குக் கேக்கற?"

வாயில் வந்ததைச் சொன்னாள். "கழுகு. நீங்க மானைக் கிழிச்சுக் குடலைக் காட்டுலயே போட்டுட்டு வர்றீங்கல்ல, அத கழுகு தின்னுது. ஈயம் ஏறி செத்துப் போகுதாம்."

அது பொய்யில்லை. கழுகுகள் அப்படித்தான் சாகின்றன. ஆனால் அவளுடைய காரணம் அதுவுமில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் பைன் மரத்தில் ஒரு ஜோடிக் கழுகு கூடு கட்டியிருந்தது. அவை மீன் பிடிப்பதைப் பார்க்கவே கர்ட் காலையில் காப்பியை வெளியில் எடுத்துப்போவான். அவன் முகம் வாடிப்போயிற்று.

"நெசமாவா?" என்றான். பிறகு மெத்துக் குண்டுப் பெட்டியை மூடினான். "செம்பு எங்க கிடைக்கும், டுவெய்ன்?"

"போச்சு" என்றான் டுவெய்ன். "பாதிரியார் ஆயிட்டான்."

ஆகத்தான் ஆனான். மில்லில் சாப்பாட்டு நேரத்தில் கழுகுப் பிரசங்கம். பெட்ரோல் பங்கில் கழுகுப் பிரசங்கம். கழுகுப் பாதிரியார் வருகிறார், ஈயத்தை ஒளித்துவையுங்கள் என்று பையன்கள் கத்துவார்கள். அவன் மானத்தை இன்னும் வாங்குவதற்கென்றே முதல் செம்புத் தோட்டாக்கள் காகிதத்தில் ஊருக்கு ஒன்றாக விழுந்தன. டுவெய்ன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்புறம் மனமிரங்கி வழி சொன்னான். செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்கு நீளம் அதிகம். எடை குறைந்த குண்டாக எடு. ஈயக் குண்டு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கவிடாதே, கூட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இறக்கு. கர்ட் இறக்கினான், சுட்டான், மறுபடி இறக்கினான். அக்டோபர் கடைசியில் மூன்று ஓட்டைகளும் நெருங்கி வந்தன. அந்தக் காகிதத்தை ரெனேயிடம் காட்ட ஓடிவந்தான்.

"நல்லா இருக்கு" என்றாள். காரியம் முடிந்தது, யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாள்.

நவம்பரில் ஒரு நாள் ரெனே வேலையிலிருந்து வந்தபோது கர்ட் ஃப்ரீசரைக் காலி செய்து, பனிக்கட்டியைச் சுரண்டி, துடைத்துக்கொண்டிருந்தான். வேட்டை சீசன் தொடங்குவதற்கு முன் பழைய கறி தீர வேண்டும். அங்கே எல்லா வீட்டிலும் வழக்கம் அது. பொட்டலங்கள் ஒன்றும் இல்லை. எங்கே என்று ரெனே கேட்கவில்லை. தானாகத் தீர்ந்ததே என்று போய்ப் படுத்துவிட்டாள்.

முதல் நாள் வேட்டை எப்போதும் கர்ட்டின் தம்பி டாடின் நிலத்தில். பெண்கள் சாயங்காலம் போய்ச் சேர்வார்கள். ரெனே வண்டியை நிறுத்தியபோது லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. கர்ட் ஆரஞ்சு அங்கியோடு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப் போனான். உத்தரத்தில் ஓர் ஆண் மான் தலைகீழாகத் தொங்கியது.

"பாரு! தோளுக்குப் பின்னாடி, விலாவுல, இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை. நாலே தாவு, விழுந்துடுச்சு. கறி ஒரு துண்டு கெடல. ரத்தக்கட்டே இல்ல. டுவெய்ன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்!" டார்ச்சை அடித்து அடித்துக் காட்டினான். "இதுல வாடை இருக்காது, ரெனே. உனக்குன்னு முதுகுத் துண்டை எடுத்து வச்சிருக்கேன். ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு. எனக்காக."

"பாக்கறேன்" என்றாள்.

உள்ளே அடுப்படியில் வெக்கை. டாடின் மனைவி ஷெல்பி பெரிய பானையிலிருந்து பீன்ஸும் கறியும் போட்ட சில்லியைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். டாடின் கம்பளிச் சட்டை ஒன்றைத் தொளதொளவென்று போட்டிருந்தாள். டாட் பியர் கொடுத்தான். ஷெல்பி முன்னால் மட்டும் பால். ஒரு நாளில் பத்துப் பெண்களிடம், கர்ப்பமா என்று கேட்டுவிட்டுத்தான் எக்ஸ்ரே எடுக்கிறவள் ரெனே. அவளுக்குச் சட்டையைப் பார்த்தாலே போதும். யாரும் தன்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதற்காக வருத்தம்கூட வரவில்லை.

"காரம் பத்துதா?" என்றாள் ஷெல்பி. "கர்ட் குடுத்த கறிதான். ஒரு டப்பா நிறைய பொட்டலம் கொண்டுவந்து எறக்கிட்டுப் போனான். ரெண்டு வாரமா இங்க தினமும் மான்தான். எனக்கு இரும்புச்சத்து வேணும்னு டாக்டர்..."

நிறுத்திவிட்டாள். அவள் முகம் சிவந்தது. டாட் கரண்டியைப் பார்த்தான். கர்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

"எத்தனை மாசம்?" என்றாள் ரெனே.

"நாலு." ஷெல்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, ரெனே. சீசன் முடியட்டும்னு..."

"நல்ல செய்தி. சந்தோஷம்" என்றாள் ரெனே. ஷெல்பியின் கிண்ணத்தில் பாதி காலியாகியிருந்தது. அடுத்த கரண்டி மேலே வந்துகொண்டிருந்தது. ரெனே கையை நீட்டிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இதச் சாப்பிடாத."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பாவம், துக்கத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று அவர்கள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. கர்ட் மெதுவாக அவள் தோளைத் தொட்டான்.

"ரெனே, பழைய குண்டுனால சொல்றியா? அது கழுகுக்குத்தான்மா. மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் இவங்ககிட்ட சொல்லிட்டேன்."

"கழுகுக்காக இல்ல."

கர்ட்டின் கை தோளில் இருந்தது. இப்போதும் வாயை மூடிக்கொண்டால் அந்தக் கை அங்கேயே இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்தது. மூடிக்கொள்ள முடியாது என்பதும் தெரிந்தது.

"அந்தப் பொட்டலத்த நான் ஆஸ்பத்திரில வச்சுப் படம் எடுத்தேன். ஈயம் இருக்கு. பொடிப்பொடியா, கண்ணுக்குத் தெரியாது. எல்லாத்துலயும் இல்ல. ஷெல்பி, திங்கக்கிழமை போய் ரத்தம் குடு. ஈயம் எவ்வளவு இருக்குன்னு கேளு. ரெண்டு வாரந்தான், அனேகமா ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா போ." ஆஸ்பத்திரிக் குரலில், மூச்சை உள்ளே இழுங்க, பிடிச்சுக்கங்க என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

ஷெல்பி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எப்போ எடுத்த படம்?"

"ஆகஸ்ட்ல."

"ஆகஸ்ட்லயா?" ஷெல்பி எழுந்துவிட்டாள். "தெரிஞ்சே ஃப்ரீசர்ல வச்சிருந்தியா? தூக்கி எறியறதுக்கென்ன? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"ஷெல்பி" என்றான் டாட்.

"என்ன ஷெல்பி? நான் தினமும் தின்னேன், டாட்!"

"சொல்லியிருக்கணும்" என்றாள் ரெனே. "சொல்லல. தப்பு என்மேலதான்."

தோளில் கை இல்லை. திரும்பிப் பார்த்தாள். கர்ட் அடுப்பிலிருந்து பானையைத் தூக்கிக்கொண்டிருந்தான். பிடிதுணிகூட எடுக்காமல், சுடுகிற பானையை வெறுங்கையால் தூக்கி, கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

ரெனே பின்னாலேயே போனாள். சில்லி பனியின் மேல் ஆவி பறக்கக் கொட்டிக் கிடந்தது. கர்ட் கொட்டகையில், கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.

"உனக்கும் ரத்தம் பாத்தாங்களா?" என்றான்.

"பாத்தாங்க. கொஞ்சம் இருந்துது."

அவன் தலையாட்டினான். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"போன வருஷ மானுக்குத் தோள்ல பட்டுது. கறியெல்லாம் கறுத்து ரத்தம் கட்டிக் கிடந்துது. இத வெட்டி எறிஞ்சிடலாம்னு நீ சொன்ன. ஞாபகம் இருக்கா? நான்தான், ஒரு தோளயே எறியறதா, பைத்தியமா உனக்கு, கழுவி அரைச்சிடலாம்னு சொன்னேன். நான்தான் சொன்னேன், ரெனே."

அவளுக்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாதாம், டாக்டரே சொன்னார். ஆகஸ்டிலிருந்து இவனுக்காகவே எடுத்துவைத்திருந்த வாக்கியம். அது நாக்குவரை வந்தது. ஆனால் அதற்குள் போன நவம்பரில் தங்கள் சமையலறை ஞாபகம் வந்துவிட்டது. ரேடியோவில் ஃபுட்பால் மேட்ச், அவள் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு கறி அரைக்கும் எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றியது, இவன் சிரித்துக்கொண்டே தோள் கறியை உள்ளே தள்ளியது. எங்கிருந்தோ கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் வராதது, சர்ச்சில் வராதது, எல்லாமாகச் சேர்ந்து காதுவரை ஏறியது.

"ஆமா" என்றாள். "நீதான் சொன்ன."

கர்ட் அறை வாங்கியவன்போல் நிமிர்ந்தான்.

"நீ சொன்ன. நான் அரைச்சேன். ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டோம். நல்லா இருக்கு, இன்னும் போடுன்னு நான்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இப்ப அந்தப் பொண்ணுக்கும் ஊட்டியாச்சு. உன்னப் பாத்தா எனக்கு ஆத்திரமா வருது, கர்ட். என்னப் பாத்தாலும் வருது. எதனாலன்னு டாக்டருக்கும் தெரியலயாம். அப்ப நான் யார்மேல கோவப்படறது? சொல்லு! யார்மேல?" வாளியை எட்டி ஓர் உதை விட்டாள். அவன் உட்கார்ந்திருந்த வாளி. அவன் சரிந்து தரையில் உட்கார்ந்தான். எழுந்திருக்க முயலவில்லை.

"என்மேல கோவப்படு" என்றான். "எம்மேலயே படு. வாயத் திறந்து எதையாவது சொல்றியே, அது போதும்."

அவள் மூச்சிரைக்க நின்றாள். பிறகு அவளும் பக்கத்தில் வைக்கோல் தூசியில் உட்கார்ந்தாள். அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. வாசலுக்குப் போய் இரண்டு கை நிறையப் பனியை அள்ளிவந்து அவன் உள்ளங்கைகளில் வைத்து, தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றான் கர்ட். "நம்ம பொண்ணுக்கு ஒரு பேரு யோசிச்சு வச்சிருந்தேன். நீ சிரிப்பியோன்னு, ஆறாம் மாசம் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்ன பேரு?"

"இங்க்ரிட்."

ரெனே சிரிக்கவில்லை. இங்க்ரிட் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்ல வாயெடுத்தபோது அழுகை வந்துவிட்டது.